கரண்ட் போய் வந்தால் உங்கள் கோட் என்ன செய்யும்?

தளிப் பக்கத்து ரோஜா பாலிஹவுஸ்களில் சொட்டுநீர் வால்வை போனிலிருந்தே திறந்து மூட ஒரு கருவி. அதற்காக ஓசூரில் ஒரு சின்ன டீம் சொந்தமாக எழுதிய நெட்வொர்க் புரோட்டோகால் என்னிடம் ரிவ்யூவுக்கு வந்தது. "சாச்சா20-பாலி1305 போட்டிருக்கோம்ண்ணா, யாராலும் உடைக்க முடியாது" என்றார் எழுதிய தம்பி. சரிதான், அந்த என்க்ரிப்ஷன் அல்காரிதத்தில் நானும் குறை தேடப் போவதில்லை. என்க்ரிப்ஷன் ஃபைலை நான் கடைசியில்தான் திறப்பேன், முதலில் தேடுவது நான்ஸ் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான்.

மெசேஜுக்கு மெசேஜ் மாற வேண்டிய எண் அது. ஒரே கீயோடு ஒரே நான்ஸ் இரண்டாம் முறை வரவே கூடாது. இவர்கள் கோடில் அது பூஜ்யத்திலிருந்து ஏறும் கவுண்டர், ரேமில் மட்டும் இருக்கிறது. கீயோ ஃபேக்டரியில் எழுதியதுதான், மாறாது. ஆபீஸில் யுபிஎஸ்ஸில் ஓடும்வரை ஒரு தொல்லையும் இல்லை. தோட்டத்தில் கரண்ட் போய் வந்தால்? கவுண்டர் மறுபடி பூஜ்யம், அதே கீ, அதே நான்ஸ். பழைய மெசேஜையும் புதியதையும் பிடித்து வைத்தவன் இரண்டையும் பிட் பிட்டாக ஒப்பிட்டு எக்ஸார் செய்தாலே என்க்ரிப்ஷன் கழன்றுவிடும், ஒன்றில் இருப்பதை ஊகித்தால் மற்றது தானாக வரும், வால்வுக்குப் போகும் கட்டளைகளோ திற, மூடு என்று நாலைந்துதான். போதாததற்கு, மெசேஜை யாரும் மாற்றவில்லை என்று முத்திரை போடும் பாலி1305-க்கான ஒருமுறைச் சாவியும் அப்படியே திரும்ப வருவதால் போலிக் கட்டளையும் தயாரிக்கலாம்.

"அப்ப ஒவ்வொரு தடவையும் ஃப்ளாஷ்ல எழுதிடறேன்" என்றார். கரண்ட் போனாலும் அழியாத மெமரிதான் ஃப்ளாஷ், ஆனால் எழுத எழுதத் தேய்ந்துவிடும். ஆயிரம் எண்ணை மொத்தமாக ஒதுக்கி, மேல் எல்லையை முதலில் எழுதிவிட்டு அப்புறம் செலவழித்தால் போதும். ரீஸ்டார்ட் ஆனால் அந்த எல்லையிலிருந்து தொடங்கட்டும், நடுவில் வீணாகும் எண்கள் போனால் போகட்டும். இதைவிட நல்ல வழி, வயர்கார்ட், டிஎல்எஸ் 1.3 போன்ற பாதுகாப்பு புரோட்டோகால்கள் செய்வதுபோல, இணைப்பின் தொடக்கத்தில் இரு பக்கமும் பேசி (ஹேண்ட்ஷேக்) புது கீ எடுப்பது. ஆனால் புது கீ ரேண்டம் எண்ணிலிருந்து பிறப்பதால், அது எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். டெபியன் லினக்ஸில், ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற என்க்ரிப்ஷன் லைப்ரரியின் கோடிலிருந்து 2006-ல் எடுக்கப்பட்ட வரிகளால், 2008-ல் கண்டுபிடிக்கும்வரை, ஓடும் புரோகிராமுக்கு சிஸ்டம் தரும் ப்ராசஸ் எண் ஒன்றை மட்டுமே நம்பி கீ உருவாகிக்கொண்டிருந்தது. ப்ராசஸ் எண்ணுக்கு இருந்த வாய்ப்பே 32,768.

அடுத்து, நீளம். பேக்கெட் தன் நீளம் என்று எதைச் சொன்னாலும் நம்பாதீர்கள். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இருந்த ஹார்ட்பிளீட் என்ற ஓட்டையில் நடந்தது இதுதான்: கேட்பவன் சொன்ன நீளத்தை நம்பி, சர்வர் தன் மெமரியிலிருந்து 64 கேபி வரை எடுத்துக் கொடுத்தது. நீளம் பொருந்தாவிட்டால் பதில் சொல்லாமல் தூக்கிப்போடு என்று அதற்கான இன்டர்நெட் விதி ஆவணம் ஆர்எஃப்சி 6520-லேயே எழுதியிருந்தது, அந்தக் கோடும் ரிவ்யூ தாண்டித்தான் உள்ளே போனது, 2014 ஏப்ரலில் வெளிவரும்வரை இரண்டு வருடம் உலகமே அதை ஓட்டியது. அதனால் ஸ்பெக்கை, அதாவது புரோட்டோகாலின் விதி ஆவணத்தை, பக்கத்தில் திறந்து வைத்து, அதில் 'கட்டாயம்' என்று வரும் ஒவ்வொரு வரிக்கும் கோடில் எந்த இஃப் கண்டிஷன் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்கிறேன். காட்ட முடியாவிட்டால் அன்றைக்கு மெர்ஜ் கிடையாது.