‘நேவிகபிள்’: கப்பல் ஏறாத ஆற்றுக்கு ஒரு கப்பற்சொல்

தனியார் பண்ணையின் நடுவே ஓடும் ஆற்றில் முழங்காலளவு நீரில் நின்று ஒருவர் தூண்டில் போடுகிறார். பண்ணைக்காரர் வந்து “இது என் நிலம், வெளியேறு” என்கிறார். அமெரிக்காவில் இப்படியொரு தகராறு நீதிமன்றத்துக்குப் போனால் இரு தரப்பு வழக்கறிஞர்களும் முதலில் பிடித்துக்கொள்ளும் சொல் ‘நேவிகபிள்’ என்பதாகும். இலத்தீனில் ‘நாவிஸ்’ என்றால் கப்பல், ‘ஆகெரெ’ என்றால் செலுத்துதல். இரண்டும் கூடிப் பிறந்த ‘நாவிகாரெ’ என்னும் வினையிலிருந்து வந்த பெயரடை, பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்தது. நம் அகராதிகள் இதற்குக் ‘கப்பல் செல்லத்தக்க’, ‘நாவாய் செல்லத்தக்க’ என்று பொருள் எழுதுகின்றன. (நாவாயை ‘நௌ’ என்னும் வடசொல்லோடு இணைப்போரும் உண்டு, தனித்தமிழ்ச் சொல்லே என்போரும் உண்டு, அந்த வழக்கை இங்கே இழுக்க வேண்டியதில்லை.) சொற்பொருள் என்ற அளவில் அகராதி சொல்வது சரியே. ஆனால் சட்டத்தில் இந்தச் சொல் கப்பலை விட்டு வெகுதூரம் விலகிவிட்டது; அங்கே இதைத் தமிழாக்க வேறு சொல் தேட வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டம் அலையேற்றத்தை வைத்தே ஆற்றைப் பிரித்தது. கடலின் ஏற்றவற்றம் எட்டும் வரை ஆற்றின் படுகை அரசருக்கு உரியது. அதற்கு மேலே, இரு கரை நிலக்காரர்களும் படுகையின் நடுக்கோடு வரை ஆளுக்குப் பாதியாக உரிமை கொண்டாடலாம். சிறிய தீவுக்கு இது ஒத்துவந்தது. மிசிசிப்பி, மிசௌரி போன்ற ஆறுகளோ கடலலை எட்டாத உள்நாட்டில் பல நூறு கல் தொலைவுக்கு நீராவிப் படகுகளைச் சுமந்தவை. ஆகவே அமெரிக்க நீதிமன்றங்கள் அளவுகோலை மாற்றிக்கொண்டன. ‘டேனியல் பால்’ என்னும் நீராவிப் படகைப் பற்றி 1871இல் தீர்ப்பான வழக்கு இதில் முதன்மையானது. மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ஆற்றில் ஓடிய அந்தப் படகு, ‘நேவிகபிள்’ நீரில் ஓடுவதற்கு வேண்டிய உரிமம் பெறவில்லை என்பதுதான் வழக்கு. நீரில் இரண்டடி ஆழமே அமிழும் அது மிச்சிகன் ஏரியில் ஓடவே தகுதியற்றது என்று உரிமையாளர் தரப்பு வாதிட்டது. ஓர் ஆறு உண்மையில் வணிகத்துக்கும் பயணத்துக்கும் வழியாகப் பயன்படுகிறதா, அல்லது இயல்பான நிலையில் அவ்வாறு பயன்படக்கூடியதா என்பதே கேள்வி என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இந்த ‘வழியாக’ என்ற சொல்லை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மொழியாக்கத்தின் முடிச்சு அதில்தான் இருக்கிறது.

ஒரு மாநிலம் ஒன்றியத்தில் சேர்ந்த நாளில் ‘நேவிகபிள்’ ஆக இருந்த ஆறுகளின் படுகை அந்த மாநிலத்துக்குச் சேரும் என்பது அங்குள்ள விதி. மொன்டானா சேர்ந்த ஆண்டு 1889. எனவே அங்கே டியர்போர்ன் ஆற்றைப் பற்றிய வழக்கு 1984இல் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, 1887இல் தண்டவாளத்துக்கான கட்டைகளை அந்த ஆற்றில் மிதக்கவிட்டது சான்றாயிற்று. கப்பல் இல்லை, படகும் இல்லை. மரக்கட்டை மிதந்ததே போதும் என்றாயிற்று. நீதிமன்றம் அத்தோடு நிற்கவில்லை. நீர் முழுவதும் மக்களின் பயன்பாட்டுக்காக மாநிலத்துக்கு உரியது என்கிறது 1972ஆம் ஆண்டின் மொன்டானா அரசமைப்பு. ஆகவே படுகை யாருடையதாக இருந்தாலும், பொழுதுபோக்குக்குப் பயன்படக்கூடிய மேற்பரப்பு நீரைப் பொதுமக்கள் பயன்படுத்தலாம் என்று தீர்ப்பாயிற்று. 1985இல் இயற்றப்பட்ட நீரோடை அணுகல் சட்டம் இதற்கு எல்லை வகுத்தது. ஆற்றின் வழக்கமான உயர்நீர்க் கோட்டுக்குள் நடக்கலாம், மீன் பிடிக்கலாம். ஆனால் ஆற்றை அடைவதற்காக நிலக்காரர் இசைவின்றி அவர் வயலைக் கடக்கக் கூடாது. அந்தக் கோடு எந்த வரைபடத்திலும் இராது. நீர் நெடுநாள் மூடிக் கிடந்ததால் நிலத்துத் தாவரம் வளராமல் வெறுங்கூழாங்கல்லாகிப்போன இடம் முடிந்து, புல் தொடங்கும் விளிம்பைக் கண்ணால் பார்த்துத்தான் அறிந்துகொள்ள வேண்டும்.

பக்கத்து மாநிலமான வயோமிங்கில் நிலைமை வேறு. 1961ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி அங்கே நீர் பொது, படுகை தனியார் சொத்து. படகில் மிதந்து போகலாம். மேட்டில் தட்டினால் இறங்கித் தள்ளவும் செய்யலாம். ஆனால் மீன் பிடிப்பதற்காகக் காலை ஊன்றி நின்றால் அத்துமீறலாகிவிடும். கொலராடோவில் 1979இல், தனியார் நிலத்தூடே ஓடும் ஆற்றில் மிதவையில் சென்றவர்கள் மீதான அத்துமீறல் தண்டனையே உறுதிசெய்யப்பட்டது.

இவ்வளவையும் ‘கப்பல் செல்லத்தக்க’ என்ற தொடர் தாங்குமா? ‘கப்பல் செல்லத்தக்க டியர்போர்ன் ஆறு’ என்று எழுதினால் படிப்பவர் கண்ணில் துறைமுகம்தான் தெரியும். நாவாயும் உதவாது, “கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து” என்ற குறளில் அது கடலுக்கே உரிய கலமாக நிற்கிறது. ஆற்றுக்கு நெருக்கமான சொல்லைச் சங்கப் பாட்டு தருகிறது: பேர்யாற்றில் “நீர்வழிப் படூஉம் புணை”. புணை என்பது கட்டிய மரத் தெப்பம், ஏறத்தாழ மொன்டானாவில் மிதந்த கட்டையின் உறவு. ஆயினும் என் தேர்வு புணையன்று, அதற்கு முன் நிற்கும் ‘நீர்வழி’. ‘தேசிய நீர்வழி’ என்று இன்று நாம் எழுதுவதால் இது வழக்கிறந்த சொல்லும் அன்று. மேலும் தமிழில் வழி என்பது வெறும் தடத்தை மட்டும் குறிப்பதில்லை. “அந்தக் காட்டு வழியா எங்களுக்கு வழி உண்டு” என்று ஊரில் ஒருவர் சொன்னால், இரண்டாவது ‘வழி’ உரிமையையே குறிக்கிறது. பத்திரங்களில் ‘வழிநடைப் பாத்தியம்’ என்று எழுதுவதும் இந்தப் பொருளில்தான்.

ஆகவே இரண்டு சொற்களைப் பிரித்து ஆளலாம். கலம் ஓடும் அளவுக்கு ஆழமும் அகலமும் உண்டா என்ற இயற்கைத் தன்மைக்குக் ‘கலஞ்செல் ஆறு’. பொதுமக்கள் சென்றுவர உரிமையுள்ளதா என்ற சட்ட நிலைக்குப் ‘பொது நீர்வழி’. மிசௌரி ஆற்றின் பேரருவிப் பகுதியைப் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012இல் சொன்னதை இச்சொற்களால் சிக்கலின்றி எழுதிவிடலாம்: ஆற்றைத் துண்டு துண்டாகத்தான் பார்க்க வேண்டும்; அருவிகள் உள்ள அத்துண்டு கலஞ்செல் ஆறு அன்று; ஆதலால் அதன் படுகை மாநிலத்துக்குச் சேராது. அதே துண்டு மொன்டானாவின் சொந்தச் சட்டப்படி பொது நீர்வழியா என்பது தனிக் கேள்வி. படுகையின் உடைமையைப் பற்றிய தீர்ப்பு அதற்கு விடையாகாது.