அடைவுக்கு எதற்குப் புத்தகக்குறி? 'இடக்குறி' பற்றி ஒரு சொல் விளக்கம்

ஷெல் (கட்டளைகளை எழுத்தில் அடித்துக் கணினியை இயக்க உதவும் நிரல்) பற்றித் தமிழில் எழுதப்படும் கையேடுகளில் 'அடைவுப் புத்தகக்குறி' என்றொரு தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. அடைவு என்றால் கணினியில் கோப்புகளை வகைப்படுத்தி வைக்கும் 'டைரக்டரி'. சமீபத்தில் இன்னொரு கையேட்டிலும் பார்த்துவிட்டேன், இனி எழுதாமல் இருக்க முடியாது. தண்டையார்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சில பேர் சேர்ந்து பசங்களுக்கு லினக்ஸ் சொல்லித் தருகிறோம். இந்தத் தொடரைப் பலகையில் எழுதியதும் ஒரு பையன் கேட்டான், "ண்ணா, இதுல புக்கு எங்கண்ணா வருது?" நியாயமான கேள்வி. எழுதியவர் தன்னிடமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

விஷயம் சின்னதுதான். ஷெல்லில் ஓர் அடைவிலிருந்து இன்னோர் அடைவுக்குப் போக 'சிடி' என்று அடித்து முழுப் பாதையையும் எழுத வேண்டும். 'ஆவணங்கள்/2024/கணக்கு/கடை/ரசீது' என்று ஐந்து அடுக்கு உள்ளே இருக்கிற இடத்துக்கு ஒரு நாளில் பத்து தடவை போகிற ஆளுக்கு இது எரிச்சல். அதனால் அந்தப் பாதைக்கு ஒரு சிறு பெயர் வைத்துவிட்டு, பிறகு அந்தப் பெயரை மட்டும் அடித்துப் போய்ச் சேர்கிறோம். இதைத்தான் ஆங்கிலத்தில் 'புக்மார்க்' என்கிறார்கள்.

ஆங்கிலச் சொல்லின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: புத்தகத்தில் விட்ட பக்கத்தைக் காட்ட வைக்கும் நாடா அல்லது அட்டை. இணையம் வந்ததும் உலாவிகள் அதை எடுத்துக்கொண்டன. அதிலும் எல்லா உலாவிகளும் எடுத்துக்கொள்ளவில்லை. 1993-ல் வந்த மொசைக் உலாவி 'ஹாட்லிஸ்ட்' என்றது, 1994-ல் நெட்ஸ்கேப் 'புக்மார்க்' என்றது, அடுத்த ஆண்டு வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 'ஃபேவரிட்ஸ்' என்றது. ஆக, ஆங்கிலத்துக்கே அந்தப் 'புக்' கட்டாயமாக இருக்கவில்லை. ஜெர்மன்காரர்கள் 'லேசெத்சைஷன்' என்கிறார்கள். வாசிப்புக்கான அடையாளம் என்று பொருள், அதில் புத்தகம் என்ற சொல்லே கிடையாது. நாமோ 'புக்' என்றால் புத்தகம், 'மார்க்' என்றால் குறி என்று அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டையும் ஒட்டியிருக்கிறோம்.

உலாவியில் ஒருவகையில் பொறுத்துக்கொள்ளலாம். அங்கே வலைப்'பக்கம்' என்கிறோம், பக்கம் இருக்கும்போது புத்தகம் ரொம்ப தூரத்தில் இல்லை. அங்கேயும் 'பக்கக்குறி' என்பதுதான் நல்ல சொல் என்பது என் கருத்து. ஆனால் ஷெல்லில் பக்கமும் இல்லை, வாசிப்பதும் இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்வது என்ற எண்ணம்கூட இல்லை. ஓர் இடத்துக்குப் போகிறோம், அவ்வளவுதான். பெயரைக் கேட்டதும் ஆள் மனதில் எழ வேண்டிய படம் இடம், பாதை, போய்ச் சேர்தல். 'புத்தகக்குறி' இந்த மூன்றில் ஒன்றையும் எழுப்புவதில்லை.

தனித்தமிழ் நண்பர்கள் இதற்கு ஒரு திருத்தம் சொல்கிறார்கள்: புத்தகம் வடசொல், எனவே 'நூற்குறி'. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. தவறு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் தவறுக்குத் தமிழ்ச் சட்டை மாட்டுகிற வேலை இது. தூய்மை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் பொருள் சரியாக இருக்கட்டும், அப்புறம் தூய்மையைப் பார்ப்போம். இன்னொருவர் ஒரு படி மேலே போய், ஓலைச்சுவடியில் 'கிளிமூக்கு' என்று ஒன்று இருந்ததே, அதையே வைக்கலாம் என்றார். சொல் அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கிளிமூக்கு என்பது சுவடி கட்டும் கயிற்றின் முனையில், பனையோலையை ஈர்க்கோடு சேர்த்துக் கிளியின் மூக்குப் போல நறுக்கி முடிந்து வைப்பது. அதன் வேலை கட்டுகிற கயிற்றோடு முடிந்தது, விட்ட ஏட்டைக் காட்டுவது அதன் வேலை இல்லை. பழைய சொல் என்பதற்காகப் பொருளைத் திருகி எடுத்துவந்தால் பழைய சொல்லும் கெடும், புதிய பொருளும் நிற்காது.

என் சொல் 'இடக்குறி'. ஓர் இடத்துக்கு நாம் வைத்துக்கொள்ளும் குறி. வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் 'டோல்கேட்' என்றால் எங்கே இறங்க வேண்டும் என்று குழந்தைக்கும் தெரியும். இன்று அங்கே யாரும் சுங்கம் வாங்குவதில்லை, ஆனாலும் 2021-ல் மெட்ரோ வந்தபோது நிலையத்துக்கும் அதே பெயர்தான் வந்தது. கதவு எண், தெரு, குறுக்குத் தெரு, பின்கோடு எல்லாம் சொல்லாமல் ஒரு பெயரைச் சொல்கிறோம், ஷேர் ஆட்டோ அங்கே நிற்கிறது. ஷெல்லில் நாம் செய்வது அச்சாக இதே வேலைதான்.

ஷெல்லிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. '~' என்று அடித்தால் நம் வீட்டு அடைவு, அதாவது நம் சொந்தக் கோப்புகளுக்கான 'ஹோம்' அடைவு. இது ஏன் அந்தக் குறி என்றால், 1976-ல் வந்த ஏடிஎம்-3ஏ (ADM-3A, பணம் எடுக்கும் ஏடிஎம் இல்லை) என்ற கணினி முனையத்தில் அந்தக் குறியும் 'ஹோம்' என்ற சொல்லும் ஒரே விசையில் இருந்தன, அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. தினமும் கை தானாக அடிக்கிற அந்த ஒற்றைக் குறி ஓர் இடக்குறிதான், அதை யாரும் புத்தகக்குறி என்று சொன்னதில்லை. ஷெல் வகைகளில் ஒன்றான இசட் ஷெல்லில் 'ஹாஷ்' கட்டளைக்கு '-டி' கொடுத்து ஓர் அடைவுக்குப் பெயர் வைத்தால், பிறகு அந்தப் பெயருக்கு முன்னால் அதே '~' போட்டுத்தான் கூப்பிட வேண்டும். கருவியை எழுதியவர்களே இதை வீட்டோடு சேர்த்து, இடம் என்றுதான் பார்த்திருக்கிறார்கள்.

சொல்லின் மறு பாதியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேயும் இழுபறி இருக்கிறது. 'டைரக்டரி'க்குச் சிலர் 'கோப்புறை' என்று எழுதுகிறார்கள். அது 'ஃபோல்டர்' என்பதன் தமிழ், மேசையும் காகிதமும் வைத்துத் திரையை வரைந்த காலத்துப் படம். ஷெல்லில் எனக்கு 'அடைவு'தான் வேண்டும். சொல்லடைவு என்கிறோம் இல்லையா, நூலின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று சொல்லும் பட்டியல்? லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் ஓர் அடைவு உண்மையிலேயே அதுதான். எந்தப் பெயருக்கு எந்த ஐநோடு எண் (ஒவ்வொரு கோப்பையும் அடையாளம் காட்டும் உள் எண்) என்ற பட்டியல் மட்டும் அதற்குள் இருக்கிறது, கோப்பின் உள்ளடக்கம் வேறெங்கோ இருக்கிறது. அதனால்தான் ஒரே கோப்பு இரண்டு அடைவுகளில் இரண்டு பெயரோடு இருக்க முடிகிறது. உறைக்குள் போட்ட காகிதம் அப்படி இருக்காது. இதையெல்லாம் யோசித்து வைத்தார்களோ, தற்செயலாக அமைந்ததோ, தமிழ்க் கணிமையில் புழங்கும் மிகச் சரியான சொற்களில் 'அடைவு' ஒன்று. இலங்கையில் நகை அடகு வைப்பதையும் அடைவு என்பார்கள். அங்குள்ள வாசகருக்கு முதலில் கொஞ்சம் இடறும், இரண்டு வரி தாண்டினால் பழகிவிடும்.

இப்போது மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்கிருக்கும் பெரிய குறை. அடைவுகளுக்குள் வேகமாகப் போக ஷெல்லில் நாலைந்து வழிகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் இவர்கள் ஒரே 'புத்தகக்குறி' மூட்டைக்குள் கட்டுகிறார்கள். 'சிடி'க்குப் பின் ஒரு கழித்தல் குறி போட்டால் கடைசியாக இருந்த அடைவுக்குத் திரும்பும். அது குறியே இல்லை, 'முந்தைய இடம்', அவ்வளவுதான். 'புஷ்டி', 'பாப்டி' இரண்டும் சி ஷெல் காலத்திலிருந்தே இருப்பவை. போகிற இடத்தை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, மேலிருந்து எடுப்பவை. அதற்கு 'அடுக்கு' என்ற நல்ல சொல் கையில் இருக்கிறது. அடுக்கில் ஏற்று, அடுக்கிலிருந்து இறக்கு என்று எழுதினால் யாருக்கும் புரியும். 'சிடிபாத்' என்ற மாறி (ஷெல் ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்) எந்தெந்த அடைவுகளுக்குக் கீழே தேட வேண்டும் என்று சொல்வது, அது 'தேடுபாதை'.

'ஆட்டோஜம்ப்', 'இசட்', 'சாக்சைடு' மாதிரிக் கருவிகள் வேறு சாதி. இவற்றில் நாம் எதற்கும் பெயர் வைப்பதில்லை. நாம் எங்கெல்லாம் போகிறோம் என்று கருவி தானே கவனித்து வைத்துக்கொள்கிறது, பெயரில் ஒரு துண்டைச் சொன்னால் பொருந்தும் அடைவுக்குக் கொண்டுபோய் விடுகிறது. 'இசட்'டும் 'சாக்சைடு'ம் அடிக்கடி போனதையும், அண்மையில் போனதையும் சேர்த்து மதிப்பிடுகின்றன. இந்த இரண்டும் சேர்ந்த அளவுக்கு ஆங்கிலத்தில் 'ஃப்ரீக்வென்சி', 'ரீசென்சி' என்ற இரண்டு சொற்களை வெட்டி ஒட்டி 'ஃப்ரீசென்சி' என்று ஒரு புதுச் சொல் செய்ய வேண்டியிருந்தது. நான் சமீபத்தில் பார்த்த கையேட்டில் அதை 'அதிர்வெண்-சமீபத்தன்மை' என்று எழுதியிருக்கிறார்கள். தமிழில் 'புழக்கம்' என்ற சொல் இருக்கிறதே! "அந்த வழி இப்போ புழக்கத்துல இல்ல" என்று நம் வீட்டில் சொல்வதில் அடிக்கடி என்பதும் இப்போது என்பதும் இரண்டுமே இருக்கின்றன. புழக்க மதிப்பு, புழக்க வரிசை என்று எழுதிவிட்டுப் போகலாம். வீட்டில் பேசுகிற சொல் கணினிக்கு ஆகாது என்று யார் இவர்களுக்குச் சொன்னது?

அதே கையேட்டில் ஷெல்லுக்கு 'ஓடு' என்று போட்டிருக்கிறார்கள். ஓடு என்றால் ஓடச் சொல்வது போலவும் இருக்கிறது. இரண்டாம் வேற்றுமை வந்ததும் 'ஓட்டை இயக்கவும்' ஆகிவிடுகிறது. எழுதி முடித்து ஒரு தடவை வாய்விட்டு வாசித்திருந்தால் தெரிந்திருக்கும். 'ஷெல்' என்றே விட்டால் ஒன்றும் குடி முழுகாது. தெளிவான தமிழ்ச் சொல் கிடைக்கும் வரை தெளிவான கடன்சொல் மேல்.

இடக்குறிக்கும் மறுப்பு வந்தது. இட என்றால் இடது என்று தோன்றாதா என்றார்கள். இடக்கை, இடப்பக்கம் இருப்பது உண்மை. ஆனால் இடப்பெயர், இடமாற்றம் என்று படிக்கும்போது யாருக்கும் இடது பக்கம் நினைவுக்கு வருவதில்லை. 'குறி' என்றால் பசங்கள் சிரிக்கிறார்கள் என்று இன்னொரு மறுப்பு. கேள்விக்குறியும் மேற்கோள்குறியும் பள்ளியில் தினம் எழுதுகிறவர்கள்தான் அவர்கள், ஒரு வகுப்போடு சிரிப்பு அடங்கிவிடும். 'இடப்பெயர்' என்றே வைத்துவிடலாமே என்ற யோசனை எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் அது ஊர்ப்பெயர் ஆராய்ச்சிக்காரர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

வினைச்சொல்லில்தான் கவனம் வேண்டும். 'குறி வை' என்று எழுதாதீர்கள், அது துப்பாக்கிக்கும் தேர்தலுக்கும் உரியது. இடக்குறி இடு, இடக்குறிக்குப் போ, இடக்குறிகளைக் காட்டு, இடக்குறியை நீக்கு. இந்த நான்கும் இருந்தால் கையேட்டில் அந்த அத்தியாயம் முழுவதையும் எழுதிவிடலாம். இடக்குறி காட்டும் அடைவையே அழித்துவிட்டால் ஷெல் சொல்வதையும் தமிழில் நேராகப் போடலாம்: 'அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை'.