வண்டியில் நாலு பேர்தானா?

இந்த வாரமும் அதே கேள்வி. புகை கக்கும் வீட்டு வாசலில் தீயணைப்பு வண்டியை நிறுத்தி மூச்சுக்கருவியை மாட்டிக்கொண்டிருக்கிறோம். ஒருவர் போனில் படம் பிடித்தபடியே கத்துகிறார்: "ஸ்டேஷன்ல இருபது பேர் சம்பளம் வாங்குறீங்க, நாலு பேர்தான் வந்திருக்கீங்க. மீதிப் பேர் தூங்குறாங்களா?" எரிகிற வீட்டு முன்னால் நின்று இதற்குப் பதில் சொல்ல முடியாது. எத்தனை முறைதான் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது? இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆமாம், சிலர் தூங்குகிறார்கள். அவரவர் வீட்டில், முந்தைய ஷிஃப்டை முடித்துவிட்டு. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 42 மணி நேரம் வேலை பார்க்கிறார் என்று வையுங்கள். வண்டியில் ஒரே ஒரு இருக்கை எந்நேரமும் காலியாகாமல் இருக்க 4 பேர் வேண்டும். அதுவும் யாருக்கும் காய்ச்சல் வராது, லீவு கிடையாது, பயிற்சிக்கு அனுப்ப மாட்டோம் என்றால். அதையெல்லாம் சேர்த்தால் 5 பேர். நாலு இருக்கைக்கு 20 பேர். நீங்கள் சொன்ன அந்த இருபது இதுதான், ஒருவர்கூட மிச்சமில்லை. போலீஸுக்கும் இதே கணக்குதான். ரோந்து வண்டியில் இரண்டு பேரைப் பார்த்தால் பட்டியலில் பத்துப் பேர் இருப்பார்கள். அதில் நாலு இடம் நிரப்பப்படாமல் கிடந்தால் பல ராத்திரிகளில் வண்டியே கிளம்பாது.

சரி, வந்த நாலு பேரும் உடனே உள்ளே பாய வேண்டியதுதானே? ஒருவர் பம்ப்பை விட்டு நகர முடியாது. அவர் நகர்ந்தால் உள்ளே இருப்பவரின் கையில் இருக்கும் ஹோஸ் வெறும் துணிக்குழாய். அதிகாரி வீட்டைச் சுற்றிப் பார்த்து, தீ எங்கே, எந்தப் பக்கம் போகிறது என்று முடிவு செய்ய வேண்டும். அமெரிக்காவில் இதற்கு விதியே உண்டு: இருவர் உள்ளே போனால், அவர்களை மீட்க இருவர் வெளியே தயாராக நிற்க வேண்டும். உள்ளே உயிர் இருக்கிறது என்று தெரிந்தால் மட்டுமே காத்திருக்காமல் போகலாம். 2010-இல் அந்நாட்டின் தர நிர்ணய நிறுவனம் வீட்டுத் தீயில் செய்ய வேண்டிய 22 வேலைகளைப் பிரித்து, நேரம் வைத்துப் பார்த்தது. வண்டிக்கு நாலு பேராக வந்த குழுக்கள், இரண்டு பேராக வந்தவற்றைவிடச் சுமார் 7 நிமிடம் முன்னதாக முடித்தன. ஆள் குறைத்துச் சேமிக்கலாம் என்பவர்கள் அந்த 7 நிமிடத்தை யோசிக்கட்டும்.

தண்ணீரும் அப்படித்தான். 2,000 லிட்டர் தொட்டி, நிமிடத்துக்கு 500 லிட்டர் அடித்தால் நாலே நிமிடம். அதற்குள் ஹைட்ரண்டிலிருந்து (தீயணைக்கத் தெருவோரம் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய்) இணைப்பு வர வேண்டும், அல்லது அடுத்த வண்டி வர வேண்டும். போலீஸ்காரர் உங்களைப் பின்னால் தள்ளுவது அந்த வண்டி உள்ளே வருவதற்காகத்தான். அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ஹைட்ரண்ட் முன்னால் காரை நிறுத்தியவரைப் பற்றி எழுதினால் பதிவு நாகரிகமாக இருக்காது, விடுங்கள்.

எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று இன்னுமா எழுத வேண்டும்? மூடியைப் போடுங்கள், அடுப்பை அணையுங்கள், அவ்வளவுதான்.

நாங்கள் வரும்வரையான நிமிடங்கள் உங்கள் கையில்தான் இருக்கின்றன. முதலில் போன் செய்யுங்கள். நாமே அணைத்துப் பார்ப்போம், முடியாவிட்டால் கூப்பிடலாம் என்று பத்து நிமிடம் போக்கிவிட்டுத்தான் பலர் அழைக்கிறார்கள். ஃபோம் சோஃபாவும் பிளாஸ்டிக்கும் நிறைந்த இன்றைய அறை, ஐந்து நிமிடத்துக்குள்ளேயே மொத்தமாகப் பற்றிக்கொள்ளலாம். வெளியே ஓடும்போது அறைக் கதவைச் சாத்திவிட்டு ஓடுங்கள். சாத்திய கதவுக்குப் பின்னால் பெயின்ட் கூடக் கருகாமல் கிடந்த அறைகளைப் பார்த்திருக்கிறேன். எதிர்ப்பக்கம் திறந்து கிடந்த அறையில் கட்டில் இருந்த இடமே தெரியவில்லை.

அப்புறம், தயவுசெய்து திரும்ப உள்ளே போகாதீர்கள். போனுக்காகப் போகாதீர்கள், சர்டிபிகேட்டுக்காகப் போகாதீர்கள். ஆளைக் கொல்வது பெரும்பாலும் நெருப்பு இல்லை, புகை. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உடம்பில் ஏறியவருக்குத் தான் மயங்குவதே தெரியாது. உங்களைத் தூக்க நாங்கள் போனால், தீயை அணைக்க இருந்த இருவரும் அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

வெளியே வந்ததும் எல்லோரும் ஓரிடத்தில் நின்று தலையை எண்ணுங்கள். கன்ட்ரோல் ரூமில் கேள்வி கேட்டு முடிக்கும்வரை போனை வைக்காதீர்கள். நீங்கள் பேசும்போதே வண்டி கிளம்பியிருக்கும். ஒருவர் தெருமுனையில் நின்று வழி காட்டட்டும். நாங்கள் இறங்கியதும் பத்துப் பேர் சூழ்ந்துகொள்ள வேண்டாம். யார் உள்ளே இருக்கிறார், எந்த மாடி, எந்த அறை, கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்பதை வீட்டுக்காரர் ஒருவர் மட்டும் அதிகாரியிடம் சொல்லட்டும். எல்லோரும் வந்துவிட்டார்கள் என்றால் அதையும் சொல்லுங்கள்.