'ஆட்டமைசேஷன்': அணுவாக்கம் அன்று, திவலையாக்கம்

பெயிண்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன்னின் கையேடுகளில் நீர்மத்தை நுண்ணிய துகள்களாக உடைப்பதைக் குறிக்க அடிக்கடி வரும் 'ஆட்டமைசேஷன்' என்ற சொல்லை 'அணுவாக்கல்' என்று நேராகப் பெயர்ப்பதில் ஒரு பிழை இருக்கிறது. பொதுவாக அத்தகைய கன்னிலிருந்து வெளிப்படும் ஒரு பெயிண்ட் திவலை, அதாவது நுண்துளி, சில பத்து மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) விட்டமுடையது. 20 மைக்ரான் விட்டமுள்ள நீர்த்திவலை ஒன்றை எண்ணிப்பார்த்தால், அதனுள் ஒரு கோடி கோடிக்கும் மேற்பட்ட மூலக்கூறுகள் இருக்கும். அங்கே நீர்மம் துண்டாகிறதே தவிர, எந்த அணுவும் தனித்து நிற்பதில்லை.

கிரேக்கத்தில் 'அடொமொஸ்' என்றால் வெட்ட இயலாதது. 'அ' என்பது இன்மையையும் 'டொமொஸ்' என்பது வெட்டையும் குறிக்கும். இனிமேல் வெட்ட முடியாத அளவுக்கு நுணுக்குதல் என்ற மிகைப்பொருளில் பிறந்த வினை, 19ஆம் நூற்றாண்டில் மருந்தையும் வாசனைநீரையும் புகைபோல் பீய்ச்சும் சிறு குப்பிகளுக்கு 'ஆட்டமைசர்' என்ற பெயரைத் தந்தது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டொலீடோ நகரில் மருத்துவராக இருந்த ஆலன் டிவில்பிஸ், தொண்டைக்கு மருந்து அடிப்பதற்காக அத்தகைய கருவியொன்றை உருவாக்கி 1888இல் தொழில் தொடங்கினார். அவர் மகன் தாமஸ் அதே தத்துவத்தை 1907 அளவில் பெயிண்டுக்குக் கொண்டுவந்தார். தொண்டை மருந்துக் குப்பியின் பெயர் பட்டறைக்குள் நுழைந்த வழி இதுதான்.

தமிழில் 'தெளிப்பு' என்று சொன்னால் போதாதா என்று கேட்கலாம். வாசல் தெளிப்பவர் கையால் வீசும் நீர் பெருஞ்சொட்டுகளாகவே விழுகிறது, அதுவும் தெளிப்புதான். எறியும் செயலைக் காட்டும் அச்சொல், உடைந்த நுண்மையைக் காட்டுவதில்லை. ஆகவே 'ஸ்ப்ரே'வுக்குத் தெளிப்பு என்பதே பொருந்தும். நீர்மத்தை நுண்ணிய துகள்களாக உடைக்கும் செயலுக்குத் 'திவலையாக்கம்' என்ற சொல் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சொட்டு கனத்தால் கீழே விழும். திவலையோ காற்றில் மிதந்து வந்து முகத்தில் படும். இதன் இணைவடிவமான 'துவலை', மழைக்காலத்தின் நுண்துளியைக் குறிப்பதாக நெடுநல்வாடையிலேயே வருகிறது. இவ்வளவு பழைய, இவ்வளவு துல்லியமான சொல் கையில் இருக்கும்போது அணுவைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இனி, பெயிண்டுக்கு மின்னூட்டம் தந்து பூசும் முறைகளில் 'ஆட்டமைசேஷன்' என்பதற்கு முன்னால் வரும் 'எலக்ட்ரோஸ்டாட்டிக்' என்ற அடைமொழி. கிரேக்கத்தில் 'எலெக்ட்ரான்' என்பது அம்பர் எனும் பிசின்கல். தேய்த்த அம்பர் துரும்பை இழுப்பதை ஆராய்ந்த ஆங்கில அறிஞர் வில்லியம் கில்பர்ட் 1600இல் அப்பெயரிலிருந்தே மின்விளைவுக்குரிய சொல்லை ஆக்கினார். நம் பள்ளிப் பாடநூல்களில் 'நிலைமின்னியல்' என்று நிலைபெற்றுவிட்டதால், 'நிலைமின்' என்பதையே இங்கும் கொள்ளலாம்.

இவ்விரு சொற்களையும் சேர்க்கும்போதுதான் கவனம் தேவைப்படுகிறது, ஏனெனில் மின்சாரம் இத்தொழிலில் இருவேறு வேலைகளைச் செய்கிறது. சாதாரண நிலைமின் கன்னில் பெயிண்டை உடைப்பது அழுத்தக்காற்று அல்லது பம்ப்பின் அழுத்தம். பல பத்தாயிரம் வோல்ட் ஏற்றப்பட்ட ஊசிமுனை, உடைந்த திவலைகளுக்குப் பெரும்பாலும் எதிர்மின்னூட்டத்தைத் தருகிறது. பூசப்படும் பொருள் எர்த் செய்யப்பட்டிருப்பதால் திவலைகள் அதை நாடிச் செல்கின்றன. ஒரு குழாயின் முன்புறம் அடித்தால் பின்புறத்திலும் பெயிண்ட் சுற்றி ஏறுவது இதனால்தான். தொங்கவிடும் கொக்கியில் பழைய பெயிண்ட் படிந்து எர்த் அறுந்தால் இந்த ஈர்ப்பு குன்றுவதுடன், தீப்பொறி எழுந்து கரைப்பான் ஆவி பற்றிக்கொள்ளும் அபாயமும் உண்டு. ஆழமான குழிகளுக்குள் மின்புலம் புகாததால், மூலைமுடுக்குகளில் பூச்சு மெலிவதும் இம்முறையின் இயல்பான குறை.

மற்றொரு முறையில் மின்விசையே நீர்மத்தை உடைக்கிறது. ஒரு திவலை தாங்கக்கூடிய மின்னூட்டத்துக்கு எல்லை உண்டென்றும், அதைக் கடந்தால் விலக்குவிசை பரப்பு இழுவிசையை வென்று திவலை நிலைகுலையும் என்றும் ஆங்கில இயற்பியலாளர் ரேலி பிரபு 1882இல் கணித்துக் காட்டினார். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரின் ஹரால்டு ரான்ஸ்பர்க், 1940களில் நிலைமின் பூச்சைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தவர். முதலில் காற்றுக் கன்னால் உடைத்த பெயிண்டை மின்புலத்தின் வழியே செலுத்தும் முறையும், பின்னர் மெல்லச் சுழலும் கிண்ணத்தின் விளிம்பிலிருந்து பெயிண்டை மின்விசையாலேயே பிய்க்கும் முறையும் அவர் வழியில் வளர்ந்தன. இன்று கார் தொழிற்சாலைகளில் நிமிடத்துக்குப் பல பத்தாயிரம் சுற்றுகள் சுழலும் 'பெல்' கிண்ணங்களில், உடைக்கும் வேலையின் பெரும்பகுதியை மையவிலக்கு விசையே செய்கிறது. மின்னூட்டம் முதன்மையாகத் திவலையை இழுத்துச் சேர்க்கிறது.

ஆகவே மின்விசையே உடைக்கும் முறைக்கு மட்டும் 'நிலைமின் திவலையாக்கம்' என்ற பெயரை ஒதுக்கி, மற்றவற்றை 'நிலைமின் தெளிப்புப் பூச்சு' என்பதே சரி. 'பவுடர் கோட்டிங்' இவ்விரண்டிலும் அடங்காது. அங்கே உடைப்பதற்கு நீர்மமே இல்லை. முன்னரே அரைத்த பொடி மின்னேற்றப்பட்டு, பொருளில் ஒட்டி, பின் அடுப்பில் உருகிப் படலமாகிறது. அதற்கு 'நிலைமின் பொடிப்பூச்சு' என்ற பெயர் போதும்.