மாஜிஸ்ட்ரேட் கேட்கும்போது சொல்லிவிடுங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, பைக் திருட்டு வழக்கில் ஒரு பையனை ரிமாண்டுக்காக, அதாவது காவலில் வைக்க உத்தரவு வாங்க, மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். இருபது வயது இருக்கும். அவன் அம்மா போனில் அழுததால் நானும் போய் நின்றேன். வாசலில் மூன்றே படிகள்தான். செருப்பைக் கையில் பிடித்தபடி, பாதத்தின் ஓரத்தை மட்டும் ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினான். இருபது வருடமாகக் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறேன். உள்ளங்காலில் லத்தி பட்டவன் எப்படி நடப்பான் என்று எனக்குத் தெரியும். இரண்டு நிமிடம் தனியாகப் பேசவிடுங்கள் என்று கேட்டேன். நேரமாச்சு சார் என்று உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள்.

“போலீஸ் அடிச்சாங்களா?” என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். பையன் பக்கத்தில் நின்ற ஏட்டைப் பார்த்தான். “இல்லீங்கய்யா.” காலைப் பாருங்கள் என்று நான் குறுக்கிட்டேன். “வழுக்கி விழுந்துட்டேங்கய்யா” என்று அவனே முடித்துவிட்டான். புகார் இல்லை என்று பதிவாகிவிட்டது. பத்து நாள் கழித்து ஜெயிலில் மனு போட்டுப் பார்த்தபோதுதான் சொன்னான்: வாயைத் திறந்தால் அம்மா மேலும் கேஸ் போடுவோம் என்று வேனிலேயே மிரட்டியிருக்கிறார்கள்.

இந்த வருடத்தில் என்னிடம் வந்த நான்காவது ‘வழுக்கி விழுந்த’ ஆள் இவன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போலீஸ் பிடித்த ஒருவன் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படம் வந்தால் வாட்ஸ்அப்பில் சிரித்துப் பகிர்கிறோம். படித்தவர்களே என்னிடம் கேட்கிறார்கள்: “சார், நாலு தட்டு தட்டாம திருடன் உண்மையச் சொல்வானா?” இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இருந்தாலும் இன்னொரு முறை சொல்கிறேன்.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சியமாகாது. 1872ஆம் வருட சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு அது. 2024 ஜூலையில் வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் 23ஆவது பிரிவாக அப்படியே இருக்கிறது. வெள்ளைக்காரன் ஏன் தன் போலீஸையே நம்பாமல் இப்படி எழுதினான்? நம் சென்னை மாகாணத்திலேயே அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வரி வசூலுக்கும் விசாரணைக்கும் இங்கே நடந்த சித்திரவதைகளை ஒரு குழு விசாரித்து 1855இல் அறிக்கை கொடுத்தது. விரல்களை இடுக்கி நெரிக்கும் கிட்டி அந்த அறிக்கையில் பெயரோடு இருக்கிறது. அடி தாங்காதவன் எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வான் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அடித்து வாங்கியதை வைத்து வழக்கு நடத்தினால் குற்றம் சாட்டப்பட்டவன் விடுதலையாகிறான், உண்மையான திருடன் வெளியே சுற்றுகிறான், நகையைப் பறிகொடுத்தவருக்கு நகையும் வராது. வாக்குமூலத்தை வைத்துப் பொருளைக் கைப்பற்றினால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும் என்று ஒரு விலக்கு இருக்கிறது. அந்த ஒரு சந்துக்காகத்தான் இத்தனை லத்தியும் உடைகிறது.

அப்படியானால் போலீஸ் பலத்தையே பயன்படுத்தக் கூடாதா? கூடும். கைதாக மறுத்து ஒருவன் திமிறினால் அவனைப் பிடிக்கத் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 43ஆவது பிரிவு சொல்கிறது. பிடித்த பிறகு, தப்பி ஓடாமல் இருக்க எவ்வளவு தேவையோ அதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்று 46ஆவது பிரிவு சொல்கிறது. அரிவாளோடு பாய்கிறவனைத் தடுத்த காவலருக்காக நானே வாதாடுவேன். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் மேல் விழும் அடிக்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் அடிக்கு ஒரு அப்பாவையும் மகனையும் இழந்தோம். ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தார்கள் என்பதுதான் அவர்கள் மேல் சொல்லப்பட்ட குற்றம். அரசு மருத்துவமனை உடல்தகுதிச் சான்று கொடுத்தது, ரிமாண்டும் ஆனது, கோவில்பட்டி கிளைச்சிறைக்கும் போனார்கள். அவர்களைக் காப்பாற்ற இத்தனை இடங்கள் இருந்தும் ஒன்றிலும் அது நடக்கவில்லை. விசாரிக்கப் போன மாஜிஸ்ட்ரேட்டிடம் துணிந்து சாட்சி சொன்னவர் அதே ஸ்டேஷனின் பெண் தலைமைக் காவலர். அப்புறம் 2025 ஜூனில் திருப்புவனம். நகை காணவில்லை என்ற புகாரில் கூட்டிப்போன கோயில் காவலாளியின் உடலில் 44 காயங்கள்.

சரி, உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போகிறார்கள். என்ன செய்வது? “சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுவோம்” என்றால் நம்பி வீட்டில் உட்காராதீர்கள். வந்தவர் பெயர், ஸ்டேஷன், நேரம் மூன்றையும் எழுதி வையுங்கள். எங்கள் சீனியர்கள் அந்தக் காலத்தில் முதல் வேலையாக எஸ்.பி.க்கும் மாஜிஸ்ட்ரேட்டுக்கும் தந்தி கொடுப்பார்கள். அதில் விழும் நேர முத்திரையை யாராலும் மாற்ற முடியாது. 2013 ஜூலையோடு தந்தி போய்விட்டது, இப்போது மின்னஞ்சல் அனுப்புங்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். கைது குறிப்பில் குடும்பத்தினரோ ஊர்க்காரரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தேதி போடாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது, அவர்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லையா? 15100க்கு அடியுங்கள், இலவச சட்ட உதவி கிடைக்கும்.

கைதானவரை டாக்டர் பரிசோதித்து, காயங்களையும் அவை ஏறத்தாழ எப்போது பட்டவை என்பதையும் எழுத வேண்டும். அதன் நகல் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தரப்பட வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 53ஆவது பிரிவு சொல்கிறது. கேட்டு வாங்குங்கள். இத்தனை வருடத்தில் தானாகக் கேட்டு வாங்கிய குடும்பங்களை என் கைவிரலில் எண்ணிவிடலாம். டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள்: சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள், பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், போலீஸை அறைக்கு வெளியே நிற்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், மாஜிஸ்ட்ரேட் கேட்கும் அந்த ஒரு நிமிடம். சொன்னால் பெயில் கிடைக்காது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள், சுத்தப் பொய். சொன்னால் திரும்பக் கொண்டுபோய் அடிப்பார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ரிமாண்டு ஆனதும் போவது ஜெயிலுக்கு, ஸ்டேஷனுக்கு அல்ல. போலீஸ் கஸ்டடி கேட்டாலும் அதே கோர்ட்டில்தான் கேட்க வேண்டும், அங்கே உங்கள் புகார் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். தயவுசெய்து சொல்லிவிடுங்கள். “கால்ல அடிச்சாங்கய்யா” என்ற இரண்டு வார்த்தை போதும். அங்கே முடியாமல் போனால் ஜெயில் வாசலில் காயம் பார்க்கும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இந்தப் பையனுக்காக ஸ்டேஷனின் சிசிடிவி பதிவைப் பாதுகாக்கச் சொல்லி மனு போட்டிருக்கிறோம். சாத்தான்குளத்தில் அந்தப் பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி வைக்கப்பட்டிருந்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடமாவது வேண்டும் என்று சொன்னது. மனு அடுத்த வியாழக்கிழமை விசாரணைக்கு வருகிறது. அன்று இரவு வீக்கத்தில் காலில் ஏறாத அந்தச் செருப்பை அவன் அம்மா பையில் போட்டு வைத்திருக்கிறார். அதையும் எடுத்து வரட்டுமா சார் என்று கேட்டார். எடுத்து வாங்கம்மா என்றேன்.