தற்காலிகப் பறப்புக் கட்டுப்பாடு: ‘தடை’ ஏன் தவறு?

அமெரிக்க அதிபர் ஓர் ஊருக்குப் போகிறார் என்றால் போதும், ‘வான்வெளி மூடல்’, ‘பறக்கத் தடை மண்டலம்’ என்று தமிழில் எழுதிவிடுகிறார்கள். இரண்டும் பிழை. அங்கே வெளியாவது டி.எஃப்.ஆர்., அதாவது ‘டெம்பரரி ஃபிளைட் ரெஸ்ட்ரிக்‌ஷன்’. அதற்குச் சரியான தமிழ், ‘தற்காலிகப் பறப்புக் கட்டுப்பாடு’.

‘ரெஸ்ட்ரிக்‌ஷன்’ லத்தீன் வழி வந்தது. இழுத்து இறுக்கிக் கட்டுதல் என்பது வேர்ப்பொருள். நம் ‘கட்டு’ம் அதேதான். அப்புறம் ‘தடை’ எதற்கு?

‘பறக்கத் தடை மண்டலம்’ போர்க்களச் சொல். 1991க்குப் பின் ஈராக்கிலும், 2011இல் லிபியாவிலும் போர் விமானங்களை நிறுத்திக் காத்தது அது. அதிபர் வருகைக்கான ஏற்பாடு வேறு. வழக்கமாக இரண்டு வட்டங்கள். 10 கடல் மைல் உள்வட்டத்தில் பொழுதுபோக்கு விமானங்களுக்கு இடமில்லை. அதைத் தடை என்று சொன்னால் சரி. 30 கடல் மைல் வரையுள்ள வெளிவட்டம் அப்படியல்ல. பறப்புத் திட்டம் பதிவு செய்து, கட்டுப்பாட்டு மையம் தரும் நான்கு இலக்க எண்ணை, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவியான டிரான்ஸ்பாண்டரில் வைத்து, ரேடியோ தொடர்பில் இருந்தால் ஒற்றை எஞ்சின் செஸ்னா சிறுவிமானம்கூடக் கிளம்பலாம், வந்து இறங்கலாம். ஆனால் சும்மா சுற்றிப் பார்ப்பது, பயிற்சிப் பறப்பு, கிளைடர், பாராசூட் குதிப்பு எதுவும் கூடாது. வார இறுதியில் ஆசைக்குப் பறப்பவருக்கு இந்த நுணுக்கம்தான் முக்கியம். ‘மூடல்’ என்ற ஒரே சொல்லில் அது மொத்தமும் காணாமல் போகிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பே தடைசெய்த பகுதி, கட்டுப்படுத்திய பகுதி, அபாயப் பகுதி என்று தனித்தனியாக வரையறுத்திருக்கிறது. அவற்றை ஒன்றாகக் குழைக்க மொழிபெயர்ப்பாளருக்கு யார் உரிமை கொடுத்தது? விதியைப் படிக்காமல் தலைப்பை மட்டும் பெயர்த்தால் இப்படித்தான் ஆகும்.

‘தற்காலிக’ வடசொல், ‘இடைக்கால’ என்று போடலாமே என்பார்கள். தனித்தமிழில் எனக்கும் பற்று உண்டு. ஆனால் ‘இடைக்கால’ என்றதும் நீதிமன்ற உத்தரவுதான் நினைவுக்கு வருகிறது. தூய்மைக்காகத் தெளிவை விட்டுக்கொடுக்க முடியாது.

இந்தக் கட்டுப்பாட்டைத் தெரிவிக்கும் ‘நோட்டாம்’ விஷயத்தில் அந்தச் சிக்கலே இல்லை. ‘விமானிகளுக்கான அறிவிப்பு’ என்று தாராளமாக எழுதலாம். ஆங்கில விரிவில் ‘ஏர்மென்’ என்று ஆண்களைச் சுட்டும் சொல் இருந்ததால் அமெரிக்காவில் 2021இல் அதை மாற்றினார்கள், 2025இல் பழையபடி ஆக்கினார்கள். நம் ‘விமானி’ ஆண், பெண் இருவருக்கும் பொது.