வெல்டிங்குக்குப் பக்கத்தில் உடையும் எஃகு

அனல் மின் நிலையத்தில் நீராவிக் குழாய் ஒன்று வெடித்தால் எல்லோருக்கும் முதல் சந்தேகம் வெல்டிங் மேல்தான் வரும். சூடான நீராவிக் குழாய்களுக்குப் பயன்படும் பி91 போன்ற எஃகில் அந்தச் சந்தேகம் பாதிதான் சரி. வெல்டிங்கில் நிரப்பிய உலோகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி, குழாயின் சொந்த உலோகத்தில் விரிசல் ஓடியிருக்கும்.

நீராவியின் 550, 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் எஃகு உருகாது, உருகும் நிலைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் அந்தச் சூட்டில் அணுக்கள் இடம் மாறத் தொடங்கிவிடும். சாதாரண வெப்பநிலையில் அலட்சியமாகத் தாங்கும் சுமைக்கே எஃகு வருடக்கணக்கில் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். இதைத்தான் கிரீப் என்கிறோம்.

இதைத் தடுக்கத்தான் பி91 வந்தது. 1970களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் உருவான எஃகு இது: 9 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் மாலிப்டினம், கூடவே துளியளவு வனேடியம், நியோபியம், நைட்ரஜன். சுமார் 1,050 டிகிரிக்குச் சூடாக்கிக் குளிர வைத்தால் மார்ட்டென்சைட் என்ற கடினமான அமைப்பு கிடைக்கும். அப்புறம் 750 டிகிரி அளவில் பதப்படுத்துவார்கள். அப்போது குரோமியமும் கார்பனும் சேர்ந்த கார்பைட் துகள்கள், எஃகுக்குள் இருக்கும் நுண்ணிய படிகங்களான மணிகளின் எல்லைகளில் வரிசையாக உட்கார்ந்து, அந்த எல்லைகளை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். எஃகின் பலம் பெரும்பாலும் இந்த ஒழுங்கில்தான் இருக்கிறது.

வெல்டிங் கலைப்பது இதைத்தான். உருகிய உலோகத்தை ஒட்டிய இடம் மிக அதிகமாகச் சூடாவதால் கார்பைட் முழுதும் கரைந்து, குளிரும்போது எல்லாம் புதிதாக அமைந்துவிடும். அங்கே பெரிய ஆபத்தில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி, 850 முதல் 950 டிகிரி வரை மட்டும் சூடான மெல்லிய பட்டைதான் மாட்டிக்கொள்கிறது. அங்கே புதிய மணிகள் பிறக்கும், ஆனால் வளர நேரமிருக்காது. பழைய கார்பைட் துகள்களும் முழுதாகக் கரையாமல் பழைய இடத்திலேயே நிற்கும். விளைவு: பொடிப்பொடியான மணிகள், காவலில்லாத எல்லைகள். வெல்டிங்குக்குப் பிறகு அவசியமாகச் செய்யும் வெப்பப் பதப்படுத்தலும் இதைச் சரிசெய்வதில்லை. மிஞ்சிய துகள்களை இன்னும் பருமனாக்கும், அவ்வளவுதான்.

சாதாரண வெப்பநிலையில் மணி சிறுத்தால் எஃகுக்குப் பலம் கூடும். உயர் வெப்பத்தில் அதுவே பலவீனம். எல்லைகள் அதிகமென்றால் சறுக்க இடம் அதிகம், அணுக்கள் ஓட வழியும் அதிகம்.

இந்தப் பட்டைக்கு இரண்டு பக்கமும் பலமான உலோகம் இருப்பது உதவி என்று தோன்றும். உண்மையில் அதுதான் வினை. நீளப் பார்க்கும் பட்டையைப் பக்கவாட்டில் சுருங்கவிடாமல் இரு பக்கமும் இறுக்குவதால், உள்ளே எல்லாத் திசையிலும் இழுவிசை ஏறுகிறது. மணி எல்லைகளில் நுண்ணிய குழிகள் திறந்து, ஒன்றோடொன்று சேர்ந்து விரிசலாகின்றன. இந்தக் குழிகள் பெரும்பாலும் மேற்பரப்புக்கு அடியில், குழாய்ச் சுவரின் தடிமனுக்குள்தான் நெருக்கமாக இருக்கும். குழாய் வெளிப்படையாக வீங்குவதும் இல்லை. மேற்பரப்பை மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை மட்டும் போதாது, ஒலி அலையால் உள்ளே தேடும் அல்ட்ராசோனிக் சோதனையும் வேண்டும் என்பது இதனால்தான்.

1974இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் வெல்டிங் விரிசல்களை இடத்தைப் பொறுத்துப் பிரித்தபோது இது நான்காம் வகை ஆனது. ஆய்வகத்தில் அதிகச் சுமை வைத்து அவசரமாகச் சோதித்தால் மாதிரி இந்தப் பட்டையில் உடையாது, வெல்டிங் சூடு படாத உலோகத்தில் உடையும். சுமையைக் குறைத்து நீண்ட காலம் விட்டால்தான் உடையும் இடம் இங்கே மாறும். குறுகிய கால முடிவை வைத்து 1,00,000 மணி நேர ஆயுளை, அதாவது 11 வருடத்துக்கும் மேல், கணிப்பது ஆபத்து. வடிவமைப்பு விதிகள் வெல்டிங்கின் பலத்தைக் குறைத்தே கணக்கிடத் தனியாக ஒரு குறைப்புக் காரணி வைப்பது நியாயமே.

வெல்டிங் ஓடும் திசையும் முக்கியம். நீராவி அழுத்தம் குழாயைச் சுற்றுவட்டமாக இழுக்கும் விசை, நீளவாக்கில் இழுப்பதைப் போல இரண்டு மடங்கு. அதனால் நீளவாக்கு வெல்டிங் உள்ள குழாயை நான் அதிகக் கவலையோடு பார்ப்பேன். குழாயைச் சுற்றி ஓடும் குறுக்கு வெல்டிங்கில் இந்த இழுவிசை குறைவு, ஆனால் தாங்கிகள் சரியில்லாமல் குழாய் தொங்கினால் வளைவு விசை வந்து சேர்ந்துகொள்ளும்.

வெல்டிங் முடிந்த பாகம் முழுவதையும் மறுபடி 1,050 டிகிரிக்குச் சூடாக்கிப் பதப்படுத்தினால் இந்தப் பட்டையே மறைந்துவிடும். தொழிற்சாலையில் அது நடக்கும், நிறுவிய குழாயில் நடக்காது. ஜப்பானிய ஆய்வாளர்கள் வேறு வழி கண்டார்கள்: எஃகில் 0.01 சதவீத அளவுக்கு போரான் சேர்த்தால் அந்தப் பட்டையில் பொடி மணிகள் உருவாவதே பெரிதும் தடைபடுகிறது, எல்லைகளில் கார்பைட் காவலும் நிலைக்கிறது. நைட்ரஜன் மிஞ்சினால் அது போரானோடு சேர்ந்து போரான் நைட்ரைடாகிவிடும், போட்ட போரான் வீணாகும். அதனால் இரண்டின் அளவையும் சேர்த்தே கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது.